டிரஸ்ட் பத்திரத்தில் மாற்றம்: எந்த வரியைத் தேடுவது, எந்தப் பெயரை மாற்றுவது

மலேசியாவில், கெடாவின் பாடாங் செராய், லூனாஸ் பக்கம் இன்று ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கும் தலைமுறையிடம் அவர்களுடைய அப்பா அம்மாவிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: சொந்தப் பெயரில் கிராண்ட், அதாவது நிலப் பட்டா. தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் பால்மரக் காசையும் ஈபிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்தையும் சேர்த்துத் தாமான் குடியிருப்பில் வாங்கிய வீடு அது. அதோடு கூலிம் வங்கியில் கொஞ்சம் நிரந்தர வைப்பும் இருக்கும். இவை வழக்கு வம்பில்லாமல் பிள்ளைகளிடம் போய்ச் சேரவேண்டும் என்று சிலர் உயிலோடு நிறுத்தாமல் டிரஸ்டும் எழுதிவைக்கிறார்கள். ஐந்து பத்து வருடத்தில் குடும்பம் மாறிவிடுகிறது. பேரன் பிறக்கிறான், மகனுக்கு விவாகரத்து ஆகிறது, அறங்காவலராகப் போட்ட தம்பி காலமாகிவிடுகிறார். எழுதியதை இப்போது மாற்ற முடியுமா என்ற கேள்வி அங்கேதான் வருகிறது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். அறக்கட்டளை என்றதும் நம் ஊரில் கோவில் நிர்வாகமோ தமிழ்ப்பள்ளி வாரியமோ நினைவுக்கு வரும். இது அதுவல்ல. இது குடும்பச் சொத்துக்காக ஒருவர் தாம் உயிரோடு இருக்கும்போதே செய்யும் ஏற்பாடு. அதனால்தான் லிவிங் டிரஸ்ட் என்கிறார்கள். இதில் மூன்று பங்கு உண்டு. சொத்தைக் கொடுத்து டிரஸ்டை அமைப்பவர் ஒருவர். அந்தச் சொத்தைத் தம் பெயரில் வைத்து நிர்வகிப்பவர் அறங்காவலர். பத்திரத்தில் டிரஸ்டி என்று இருக்கும். பலனை அனுபவிப்பவர் பயனாளி. அறங்காவலர் பெயரில் சொத்து இருந்தாலும் அது அவருடையது அல்ல. முஸ்லிம்களுக்கு ஹிபா, பராயிட் என்று வழிமுறைகள் வேறு. இங்கே சொல்வது மற்றவர்களுக்கு.

மாற்ற முடியுமா என்பதற்கான விடை உங்கள் பத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. மலேசியா பின்பற்றுவது ஆங்கிலப் பொதுச்சட்ட வழி. அதன்படி, மாற்றும் உரிமையையும் ரத்து செய்யும் உரிமையையும் அமைத்தவர் தமக்கென்று எழுதி வைத்துக்கொண்டால்தான் அவை அவருக்கு உண்டு. எழுதாமல் விட்டால், கொடுத்தது கொடுத்ததுதான். யூடியூபில் பார்ப்பது பெரும்பாலும் அமெரிக்க விளக்கம். அங்கே கலிபோர்னியா உட்படப் பல மாநிலங்களில் சட்டம் தலைகீழ்: மாற்ற முடியாது என்று எழுதாவிட்டால், மாற்றலாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதை நம்பிக்கொண்டு இங்கே பத்திரத்தைப் படிக்காமல் விடுகிறவர்கள் உண்டு.

ஆகவே, லாயரைத் தேடுவதற்கு முன் மூலப் பத்திரத்தைத் தேடுங்கள். அது ஆங்கிலத்தில் இருந்தால் மூன்று சொற்களைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். ரெவொக்கபிள் என்றால் அமைத்தவர் திரும்பப் பெறக்கூடியது. இர்ரெவொக்கபிள் என்றால் திரும்பப் பெற முடியாதது. அமெண்ட்மெண்ட் அல்லது வேரியேஷன் என்ற தலைப்பு இருந்தால் அதுதான் மாற்றத்துக்கான விதி. அந்த விதியை ஒவ்வொரு சொல்லாகப் படிக்க வேண்டும். யாருக்கு அந்த அதிகாரம்? அமைத்தவருக்கு மட்டுமா, அறங்காவலரும் ஒப்புக்கொள்ள வேண்டுமா? அறங்காவலரைக் கண்காணிக்கப் புரொடெக்டர் என்று ஒருவரைப் போட்டிருந்தால் அவருடைய சம்மதமும் தேவையா? சாதாரணக் கடிதம் போதுமா, சாட்சியோடு கூடிய பத்திரமாக இருக்க வேண்டுமா? அறங்காவலர் கையில் கொடுத்த பிறகுதான் செல்லும் என்று இருக்கிறதா? எதை மாற்றலாம் என்பதற்கும் எல்லை இருக்கலாம். நிர்வாக விதிகளை மாற்றலாம், பயனாளிகளை மாற்றக் கூடாது என்று எழுதிய பத்திரங்கள் உண்டு.

பத்திரம் சொன்ன வழியில் செய்யாத மாற்றம் செல்லாது. மூலப் பத்திரத்தில் ஒரு பெயரைப் பேனாவால் அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது, வெள்ளை மை தடவுவது, தீபாவளிக்கு எல்லாரும் கூடியிருக்கும்போது வாயால் சொல்லிவிடுவது, இவற்றில் எதுவும் மாற்றம் ஆகாது. வெள்ளை மை தடவிய பத்திரம் பின்னால் சந்தேகத்துக்கு இடம் கொடுத்து, நல்ல பகுதியையும் சேர்த்துக் கேள்விக்குள்ளாக்கும். புதிய உயில் எழுதி அதில் மாற்றுவதும் பெரும்பாலும் பலிக்காது. உயில் உங்கள் பெயரில் இருக்கும் சொத்தைப் பற்றித்தான் பேச முடியும். டிரஸ்டுக்குள் போனது உங்கள் பெயரில் இல்லை. உயில் வழியாகவும் மாற்றலாம் என்று பத்திரமே அனுமதித்திருந்தால் மட்டும் விதிவிலக்கு.

இன்னொரு தவறான நம்பிக்கை திருமணத்தையும் விவாகரத்தையும் பற்றியது. 1959-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, உயில் எழுதியவர் பிறகு திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் ரத்தாகிவிடும், விவாகரத்தால் ரத்தாகாது. டிரஸ்ட் இந்த இரண்டாலுமே ரத்தாகாது. மருமகளைப் பெயர் போட்டுப் பயனாளி ஆக்கியிருந்தால், மகன் அவரை விட்டுப் பிரிந்து பத்து வருடம் ஆனாலும் அவர் பயனாளிதான். யாராவது முறைப்படி மாற்றும் வரை பத்திரம் பழைய குடும்பத்தையே நினைவில் வைத்திருக்கும்.

மாற்றத்தை எழுதுவது

ஒன்றிரண்டு விஷயம் மட்டும் மாறுவதானால் துணைப் பத்திரம் ஒன்று போதும். அதில் மூலப் பத்திரத்தின் தேதி, சம்பந்தப்பட்டவர்களின் முழுப் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், மாற்ற அதிகாரம் தரும் விதியின் எண், பிறகு மாற்றம் என்ற வரிசையில் வரும். மாற்றத்தைச் சொல்லும் வாக்கியம் கத்தி வெட்டினாற்போல் இருக்க வேண்டும்: இன்ன விதியில் இன்ன சொற்கள் நீக்கப்படுகின்றன, அவற்றின் இடத்தில் இன்ன சொற்கள் வருகின்றன. கடைசியில், மற்ற விதிகள் எல்லாம் அப்படியே தொடர்கின்றன என்று ஒரு வரி. முதல் துணைப் பத்திரம், இரண்டாம் துணைப் பத்திரம் என்று எண் போடுவது நல்லது. இல்லாவிட்டால் அவை ஒன்றோடொன்று மோதும்போது எது பிந்தியது என்று தேட வேண்டிவரும்.

மூன்றாவது நான்காவது மாற்றம் வரும்போது, ஒட்டுப்போட்ட பத்திரத்தை விட்டுவிட்டு முழுவதையும் ஒரே பத்திரமாகத் திருத்தி எழுதிக்கொள்ளலாம். பத்திரத்தின் மாற்ற விதி இதற்கு இடம் தர வேண்டும். பழைய டிரஸ்ட் பழைய தேதியோடு தொடரும், விதிகள் மட்டும் புதிதாகும். இது பழையதை ரத்து செய்து புதிய டிரஸ்ட் போடுவதிலிருந்து வேறுபட்டது. ரத்து செய்தால் சொத்தெல்லாம் முதலில் அமைத்தவருக்குத் திரும்ப வேண்டும், பிறகு புதிய டிரஸ்டுக்குள் மறுபடி போக வேண்டும். வீடு இருந்தால் இரண்டு முறை தானா ஆபீஸ் (நில அலுவலகம்), இரண்டு முறை செலவு. பழைய பத்திரத்தைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதிக்கொள்வோம் என்று கிளம்புகிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கணக்கில் நிகழும் பிழைதான் அதிகம் வலிக்கிறது. உதாரணத்துக்கு ஓர் அப்பா 120,000 வெள்ளி (ரிங்கிட்) வைப்பை டிரஸ்டில் போட்டிருக்கிறார். ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டை உள்ள கடைசி மகனுக்கு 40 விழுக்காடு, ஹைடெக் பார்க்கில் வேலை செய்யும் மூத்த மகனுக்கு 30, சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு 30. வசதியாகிவிட்ட மூத்தவர் தம் பங்கு வேண்டாம் என்கிறார். அப்பா துணைப் பத்திரத்தில் அவர் பெயரை நீக்குகிறார். அந்த 30 விழுக்காடு யாருக்கு என்று எழுத மறந்துவிடுகிறார். மீதிப் பங்கைப் பற்றிப் பத்திரத்தில் வேறு விதியும் இல்லை. இப்போது 36,000 வெள்ளிக்கு ஆள் இல்லை. அது தானாகக் கடைசி மகனிடம் போகாது, அமைத்தவருக்கே திரும்பும். அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, 12,000. பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, 24,000. மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கு 8,000. வேண்டாம் என்று விலகிய மூத்தவருக்கும் 8,000 போகிறது. யாருக்காக டிரஸ்டே போட்டார்களோ அந்தப் பையனுக்கும் அதே 8,000தான். அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் கணக்கு இன்னும் மாறும்: பாட்டிக்குக் கால் பங்கு, மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. ஆகையால் ஒரு பெயரை நீக்கும்போதும் சேர்க்கும்போதும் எல்லாப் பங்கையும் மறுபடி முழுதாக எழுதி, கூட்டினால் 100 வருகிறதா என்று பாருங்கள். பயனாளி அமைத்தவருக்கு முன்பே இறந்தால் அவர் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கா, மற்றப் பயனாளிகளுக்கா என்பதையும் அதே இடத்தில் எழுதிவிடுங்கள்.

பயனாளியை “என் பிள்ளைகள்” என்று பொதுவாக எழுதாமல் பெயரும் ஐசி எண்ணும் போட்டு எழுதுவது நம் குடும்பங்களுக்கு மிக முக்கியம். எடுத்து வளர்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் நாட்டில் தத்தெடுப்பை நீதிமன்ற வழியாகவும் செய்யலாம், பதிவு செய்து மட்டும் கொள்ளலாம். பதிவு மட்டும் செய்த பிள்ளைக்குச் சட்டப்படி வாரிசுரிமை கிடைப்பதில்லை. பெயரைப் போட்டுவிட்டால் அந்தச் சிக்கல் டிரஸ்டுக்குள் நுழையாது.

கையெழுத்துக்குச் சாட்சியாகப் பயனாளியையோ அவருடைய கணவன் மனைவியையோ போடாதீர்கள். உயிலில் அப்படிப் போட்டால் அவருடைய பங்கே போய்விடும் என்று சட்டம் சொல்கிறது. டிரஸ்டுக்கு அந்த விதி இல்லை என்றாலும், நாளை ஒருவர் “அண்ணன்தான் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்து வாங்கினான்” என்று சொல்ல இடம் கொடுக்க வேண்டாம். நாட்டுக்குள் கையெழுத்தான பத்திரத்துக்கு 30 நாளுக்குள் முத்திரை வரி கட்ட வேண்டும். டிரஸ்ட் அறிவிப்புப் பத்திரத்துக்கு அது 10 வெள்ளிதான். சொத்தைக் கைமாற்றும் பத்திரமாக இருந்தால் கணக்கு வேறு, அதை முன்கூட்டியே லாயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத பத்திரத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. தாமதமானால் தண்டமும் சேரும்.

பெயர் மாறாத சொத்து

பத்திரம் எவ்வளவு அழகாக இருந்தாலும், சொத்தின் பெயர் மாறாவிட்டால் அது வெறும் தாள். தம்பியை அறங்காவலர் ஆக்கி, சொத்துப் பட்டியலில் வீட்டு எண்ணையும் எழுதிவிட்டு, கிராண்டை மட்டும் தம் பெயரிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த வீடு டிரஸ்டுக்குள் போகவே இல்லை. அவர் இறந்தால் உயிலின்படியோ பங்கீட்டுச் சட்டப்படியோதான் போகும். தாமே அறங்காவலராக இருந்து வைத்திருப்பதாக அறிவித்திருந்தால் மட்டும் பெயர் மாறாமலே டிரஸ்ட் நிற்கும். பின்னால் பழைய வீட்டை விற்றுப் புதியது வாங்கினாலும் இதே கதை: பட்டியலைத் திருத்துவது ஒரு வேலை, புதிய வீட்டை அறங்காவலர் பெயரில் பதிவது இன்னொரு வேலை.

நிலம் மாறுவது 14ஏ பாரம் வழியாக, தானா ஆபீசில். பாடாங் செராய்க்காரர்களுக்கு அது கூலிமில். பாரம் நிரப்புவதற்கு முன் கிராண்டை எடுத்து “செகாத்தான் கெப்பெந்திஙான்” என்ற பகுதியைப் பாருங்கள். குறைந்த விலை வீடுகளில் மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்றக் கூடாது என்று அங்கே எழுதியிருப்பது உண்டு. அப்படியானால் ஒப்புதல் முதலில், பாரம் பிறகு. வீட்டுக்கடன் முடியாவிட்டால் வங்கியின் சம்மதமும் வேண்டும். பதியும்போது அறங்காவலர் என்ற நிலையில் பதிகிறோம் என்று குறிப்பிட வேண்டும். டிரஸ்ட் கவெட் (கிராண்டில் பதியும் தடைக் குறிப்பு) ஒன்றையும் போடச் சொன்னால், அறங்காவலர் தம் இஷ்டத்துக்கு விற்க முடியாது. சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்துவிட்ட பிள்ளை பெயருக்கு நிலம் போவதானால் மாநில அரசின் ஒப்புதல் தனியாகத் தேவை. அங்கே நிரந்தரவாசியாக இருந்துகொண்டு மலேசியக் குடியுரிமையை வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை.

அறங்காவலர் மாறும்போதும் இதே பாதைதான். யாரை நியமிப்பது, யார் நியமிப்பது என்று பத்திரம் சொல்லும். சொல்லாவிட்டால் 1949-ஆம் ஆண்டு அறங்காவலர் சட்டம் வழி தருகிறது: மீதமிருக்கும் அறங்காவலர்கள் நியமிக்கலாம், கடைசி அறங்காவலரும் இறந்திருந்தால் அவருடைய சொத்து நிர்வாகி நியமிக்கலாம். தனிமனிதர் மூப்படைவார், இறப்பார் என்ற கவலை இருந்தால் அரசு அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவையோ பதிவுபெற்ற டிரஸ்ட் நிறுவனத்தையோ போடலாம். அவை ஆண்டுக் கட்டணம் வாங்கும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக் கட்டணமும் இருக்கலாம். கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நியமனப் பத்திரம் முடிந்ததும் கிராண்டில் பழைய அறங்காவலர் பெயரும் வங்கியில் பழைய கையெழுத்தும் மாற வேண்டும். வங்கியில் மாற்றாமல் விட்டதால் ஓகேயூ பிள்ளையின் மாதச் செலவுப் பணம் நின்றுபோனால், அந்தப் பிள்ளைக்கு ஏன் என்று கேட்கக்கூடத் தெரியாது.

தெளிவான மனதோடு, புரிந்த மொழியில்

மாற்றம் செய்கிற நாளில் அமைத்தவருக்குத் தெளிவான மனம் இருக்க வேண்டும். பக்கவாதம் வந்தவர், மறதி தொடங்கியவர் என்றால் கையெழுத்திடும் அதே வாரத்தில் மருத்துவர் பரிசோதித்து, புரிந்து முடிவெடுக்கக்கூடிய நிலையில் இருக்கிறார் என்று கடிதம் தரட்டும். அப்பா கொடுத்த அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) இருக்கிறதே, நானே மாற்றிவிடுகிறேன் என்று பிள்ளைகள் நினைப்பதுண்டு. டிரஸ்ட் பத்திரம் வெளிப்படையாக அனுமதிக்காவிட்டால் அது முடியாது. அதோடு, சாதாரண அதிகாரப் பத்திரம் கொடுத்தவரின் மனநலம் கெட்டதும் உயிரிழக்கிறது. சரியாகத் தேவைப்படும் நேரத்தில் அது உதவாது.

நம் பெரியவர்களில் பலர் தமிழ் மட்டும் படிப்பார்கள், சிலர் கைநாட்டு. பத்திரமோ ஆங்கிலத்தில். அதைத் தமிழில் வரி வரியாக விளக்கியதாகவும், அவர் புரிந்துகொண்டு ஒப்பமிட்டதாகவும், விளக்கியவரின் பெயரோடு ஒரு சான்று வரியைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். விளக்குகிறவர் பயனாளியாக இருக்கக் கூடாது. கூடுதல் பங்கு பெறப்போகிற பிள்ளை அந்த அறையில் இல்லாமல் இருப்பதும் நல்லது. அம்மாவைத் தனியாக உட்காரவைத்து லாயர் கேட்கட்டும். இந்த அரை மணி நேரம் பிறகு வரக்கூடிய வழக்கை அடைத்துவிடும்.

கணவன் மனைவி சேர்ந்து போட்ட டிரஸ்டில் ஒருவர் இறந்த பிறகு மற்றவர் மாற்றலாமா? இருவரும் சேர்ந்தே மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தால் முடியாது. உயிரோடு இருப்பவர் தனியாக மாற்றலாம் என்று வெளிப்படையாக இருந்தால், எந்தப் பங்கு வரை என்பதையும் படிக்க வேண்டும். இருவரும் உயிரோடு இருக்கும்போதே இந்த விதியைத் தெளிவாக்கிவிடுவது பெரிய உதவி. அமைத்தவர் இறந்துவிட்டால் அவருடைய மாற்றும் அதிகாரமும் அவரோடு போய்விடும். அதன் பிறகு, 1841-இல் சாண்டர்ஸ் எதிர் வாட்டியர் என்ற இங்கிலாந்து வழக்கில் நிலைபெற்ற விதி ஒன்று உண்டு: சொத்து முழுதுக்கும் உரிய எல்லாப் பயனாளிகளும் 18 வயது தாண்டி, தெளிவான மனதோடு, ஒருமனதாக இருந்தால் டிரஸ்டை முடித்துச் சொத்தைப் பிரித்துக்கொள்ளலாம். சிறுபிள்ளையோ, தானே முடிவெடுக்க இயலாத பிள்ளையோ இருந்தால் உயர்நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

கடன்காரர் நெருக்கும்போது அவசரமாக டிரஸ்டைத் திரும்பப் பெற முடியாததாக மாற்றிக்கொள்வதும் பாதுகாப்பு அல்ல. சொத்தை டிரஸ்டுக்குள் கொடுத்த 2 வருடத்துக்குள் ஒருவர் திவாலானால் அந்தக் கொடை செல்லாது. 5 வருடத்துக்குள் என்றால், கொடுத்த நேரத்தில் அந்தச் சொத்தில்லாமலே கடன்களை அடைக்கும் நிலையில் இருந்தார் என்று காட்ட வேண்டும்.

தெரியாமலே இருக்கும் டிரஸ்ட்

டிரஸ்டே எழுதவில்லை என்று சொல்பவர்களில் பலரிடம் ஒன்று இருக்கிறது: ஆயுள் காப்புறுதி. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் 10-ஆம் அட்டவணைப்படி, முஸ்லிம் அல்லாதவர் தம் பாலிசியில் மனைவியையோ கணவனையோ பிள்ளையையோ நாமினியாக (பணத்தைப் பெற நியமிக்கப்பட்டவராக) போட்டால் அந்தப் பணத்துக்கு அங்கேயே ஒரு டிரஸ்ட் உண்டாகிவிடுகிறது. மனைவி மக்கள் இல்லாத காலத்தில் அப்பா அம்மாவைப் போட்டாலும் அப்படியே. அதற்குப் பின் அறங்காவலரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் நாமினியை நீக்கவோ, பாலிசியை மாற்றவோ ஒப்படைத்துப் பணம் வாங்கவோ, அடகு வைக்கவோ முடியாது. அறங்காவலர் என்று யாரையும் போடாவிட்டால், 18 வயது நிரம்பிய நாமினியே அறங்காவலர்.

வேலையில் சேர்ந்த புதிதில் முகவர் நீட்டிய பாரத்தில் அம்மா பெயரைப் போட்ட இளைஞர், பத்து வருடம் கழித்துக் கல்யாணம் செய்து இரண்டு பிள்ளைகள் பெற்றிருக்கிறார். பாலிசிப் பணம் இன்னும் முழுக்க அம்மாவுக்கே. மனைவி பெயருக்கு மாற்ற அம்மாவின் கையெழுத்து வேண்டும். கல்யாணமோ புதிய உயிலோ அந்த நியமனத்தை மாற்றாது. அண்ணன் தம்பியை நாமினியாகப் போட்டால் டிரஸ்ட் உண்டாகாது. அவர் பணத்தை வாங்குவது தமக்காக அல்ல, சொத்து நிர்வாகி போல வாங்கிச் சட்டப்படி பிரித்துக் கொடுக்க.

ஈபிஎப் பணம் டிரஸ்டிலும் வராது, உயிலிலும் வராது. அங்கே பதிந்த நியமனம்தான் பேசும். டிரஸ்டில் மாற்றம் செய்யும் அதே வாரத்தில் ஈபிஎப் கவுண்டருக்கு ஒருமுறை போய் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து வாருங்கள். காப்புறுதி நிறுவனத்தை அழைத்து, ஒவ்வொரு பாலிசிக்கும் நியமனப் பாரத்தின் நகலும், அறங்காவலராக யார் பெயர் பதிவாகியிருக்கிறது என்ற விவரமும் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள்.